எண் போடாத துப்பாக்கி: அத்தானோடு ஆறு நாள்

முதல் நாள், லாஸ் வேகஸ்

விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருந்த இடத்திலேயே ஸ்லாட் மெஷின்கள் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. மேலே ஒரு விளம்பரப் பலகை: இயந்திரத் துப்பாக்கி சுட்டுப் பார்க்க வாருங்கள், ஹோட்டல் வாசலிலிருந்து வண்டி இலவசம்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அத்தான். ஃபீனிக்ஸிலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். அக்கா வரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் டப்பு டப்புன்னு சுட்டுட்டு வாங்க, எனக்கு வேலை இருக்கு" என்று போனிலேயே முடித்துவிட்டாள். பலூன் வெடித்தால்கூடத் திடுக்கிடுகிற மனிதராகத்தான் அத்தானை எனக்குத் தெரியும். 2020-இல் கொரோனா வந்து கடை அலமாரிகள் காலியானபோது ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் துப்பாக்கி தொடர்பான பின்னணி விசாரணைக்காக எஃப்பிஐக்குப் போன கோரிக்கைகள் 3 கோடியே 96 லட்சத்துக்கும் மேல். அதில் ஒன்று எங்கள் வீட்டு மாப்பிள்ளையுடையது.

மதியம் ஒரு சுடுதளத்துக்குப் போனோம். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, தோளைப் பிடித்தபடி ஒரு பயிற்சியாளர். நானும் சுட்டேன். பொய் சொல்ல மாட்டேன், பிடித்திருந்தது. பயிற்சியாளரிடம் தடைச் சட்டங்களைப் பற்றிக் கேட்டேன். அவர் சுவரில் மாட்டியிருந்த இயந்திரத் துப்பாக்கியைக் காட்டினார். 1986 மே 19-க்கு முன்பு பதிவானவை மட்டும்தான் தனியாரிடையே கைமாறலாம். அதற்குப் பிறகு செய்தவை சாதாரண ஆளுக்குக் கிடையாது. எண்ணிக்கை கூடாமல் நின்றுபோனதால் ஒவ்வொன்றும் பல்லாயிரம் டாலர். "தடை போட்டு என்ன ஆனது? பணக்காரன் விளையாட்டுச் சாமான் ஆனது" என்றார்.

சரியான குறைதான். ஆனால் அப்படிப் பதிவான துப்பாக்கியால் கொலை நடந்தது என்று கேள்விப்படுவதே அபூர்வம். அதையும் அவரே சொன்னார், இரண்டு நிமிடம் கழித்து, 'பதிவு செய்த நாங்கள் எவ்வளவு ஒழுங்கானவர்கள் பாருங்கள்' என்பதற்கு ஆதாரமாக. தடையும் பதிவும் வேலை செய்ததற்கான ஆதாரமாகவும் அதை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்க வாய் வரை வந்தது. கையில் துப்பாக்கி இருந்தது, அவர் கையில். விட்டுவிட்டேன்.

சாயங்காலம் நானாகக் கேட்டு ஒரு சின்னப் பூங்காவுக்குப் போனோம். 2017 அக்டோபர் 1 இரவு மாண்டலே பே ஹோட்டலின் 32-ஆவது மாடியிலிருந்து ஒருவன் பத்து நிமிடத்தில் ஆயிரம் ரவைக்கு மேல் சுட்டான். அன்று இறந்த 58 பேருக்கு 58 மரங்கள். அடுத்த சில நாட்களுக்குள் ஊர்க்காரர்களே கூடி நட்டவை. காயத்தால் பின்னர் இறந்த இருவரையும் சேர்த்து 60 பேர். அவன் துப்பாக்கிகள் எல்லாமே சட்டப்படி வாங்கியவை, ஒவ்வொன்றிலும் வரிசை எண் இருந்தது. விசையை வேகமாக இழுபடச் செய்யும் பம்ப் ஸ்டாக் என்ற இணைப்பைத்தான் அதற்குப் பிறகு டிரம்ப் அரசே தடை செய்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்துவிட்டது.

அத்தான் ஒவ்வொரு மரத்தின் கீழும் இருந்த பெயரை வாசித்துக்கொண்டே போனார். திரும்பும் வழியில் பேசவே இல்லை.

இரண்டாம் நாள், செயின்ட் ஜார்ஜ் அருகே

நெவாடாவை விட்டு வடக்கே ஏறினால் அரிசோனாவின் ஒரு மூலையைத் தொட்டு, வர்ஜின் ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் சாலை நுழைகிறது. இருபுறமும் பாறை எழும்பி, வானம் நாடா அகலத்துக்குச் சுருங்கிவிடும். வெளியே வந்தால் யூட்டா, சிவப்பு மண், கடிகாரத்தில் ஒரு மணி நேரம் காணாமல் போயிருக்கிறது. இயற்கை வர்ணனை இவ்வளவு போதும், ஏனென்றால் இன்றைய நாள் முழுக்க ஒரு கேரேஜுக்குள் கழிந்தது.

அத்தானுக்குச் சுடுதளத்தில் பழக்கமான பெரியவர் அவர். எழுபதைத் தாண்டியவர், விமானப் பாகம் செய்யும் ஆலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். கேரேஜில் கார் நிற்க இடமில்லை. லேத், துளையிடும் இயந்திரம், எண்ணெய் வாசனை, ஒரு ஆள் உயரத்துக்குப் பச்சை நிறப் பெட்டகம். பக்கத்து வீட்டுக்காரரும் வந்திருந்தார், ராணுவத்தில் இருந்தவர். அவருடைய பிக்கப் வண்டியின் பின்புறம் பெயின்ட் தெரியாத அளவுக்கு ஸ்டிக்கர். 1835-இல் டெக்சஸின் கான்சாலஸ் ஊரில் பீரங்கியைத் திரும்பக் கேட்ட மெக்சிகோப் படைக்கு அந்த ஊர்க்காரர்கள் கொடியில் எழுதிக் காட்டிய 'வந்து எடுத்துக்கொள்' என்ற வாசகம் நடுவில்.

"உங்களிடம் எத்தனை துப்பாக்கி இருக்கிறது?" என்று அப்பாவியாகக் கேட்டேன். "ஒன்றுமே இல்லை. படகு கவிழ்ந்து எல்லாம் ஏரியில் போய்விட்டது" என்றார் ராணுவக்காரர், முகத்தில் அசைவே இல்லாமல். ஐயோ பாவம் என்றுவிட்டேன். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் லேத்தே ஆடியது. இந்த நாட்டுத் துப்பாக்கிப் பிரியர்களின் பொதுச் சொத்தான ஜோக்காம் அது. அரசாங்கம் என்றைக்காவது பறிக்க வந்தால் எல்லாரும் சொல்லப்போகிற பதில்.

பெரியவர் தன் கையால் செய்த ரைஃபிளைக் காட்டினார். வால்நட் மரக் கட்டை, கண்ணாடி போல எஃகு. வரிசை எண் இல்லாத துப்பாக்கிக்குச் செய்தித்தாளில் நான் படித்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன்: பேய்த் துப்பாக்கி. அவருக்குக் கோபம் வந்தது.

"பேய் என்ன பேய்? அதன் மேலே முழுக்க என் கைரேகைதான் இருக்கிறது."

சட்டம் என்ன சொல்கிறது என்று அவரே விளக்கினார். துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதி உள்ளவர் தன் உபயோகத்துக்கு வீட்டில் செய்துகொள்வதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லை. விற்பதற்காகச் செய்தால் லைசென்ஸ் வேண்டும். கலிபோர்னியா, நியூ ஜெர்சி, நாங்கள் காலையில் கடந்து வந்த நெவாடா போன்ற மாநிலங்களில் தனிக் கட்டுப்பாடு. சிக்கல் ஆரம்பித்தது இவரைப் போன்றவர்களால் இல்லை. 'எண்பது சதவீதம்' என்று பெயர் வைத்து, துப்பாக்கியின் முடிக்காத சட்டகத்தையும் மற்றப் பாகங்களையும் ஒரே பெட்டியில் போட்டுத் தபாலில் விற்க ஆரம்பித்தார்கள். முடிக்காதது துப்பாக்கி இல்லை, ஆகவே எண் வேண்டாம், விசாரணை வேண்டாம் என்பது வாதம். குற்ற விசாரணைக்காகப் போலீஸ் மத்திய அரசுக்கு அனுப்பிய எண் இல்லாத துப்பாக்கிகள் 2017-இல் சுமார் 1,600, 2021-இல் 19,000-க்கு மேல். 2022-இல் துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் ஏடிஎஃப் துறை அந்தப் பெட்டிகளையும் துப்பாக்கியாகக் கருதும் விதியைப் போட்டது. 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது, ஏழுக்கு இரண்டு. தீர்ப்பை எழுதியவர் டிரம்ப் நியமித்த நீதிபதி கோர்சச். ராணுவக்காரருக்கு இன்னும் ஆறவில்லை. சொந்த வீட்டு ஆள் காலை வாரிவிட்டது போலப் பேசினார்.

"பெட்டியைத் தடுக்கலாம். இதைத் தடுக்க முடியுமா?" என்று லேத்தைத் தட்டினார். அப்புறம் 2013-ஐ இழுத்தார். டெக்சஸின் ஆஸ்டினில் கோடி வில்சன் என்ற சட்ட மாணவர் முப்பரிமாண அச்சில் எடுக்கும் பிளாஸ்டிக் கைத்துப்பாக்கியின் வரைபடத்தை இணையத்தில் போட்டார். வெளியுறவுத் துறை எடுக்கச் சொல்வதற்குள் இரண்டு நாளில் சுமார் 1 லட்சம் தடவை இறக்கிக்கொண்டார்கள். ஜப்பானைவிடக் கடுமையான சட்டம் எங்கே இருக்கிறது, அங்கேயே 2022-இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயை வீட்டில் செய்த துப்பாக்கியால்தானே சுட்டார்கள் என்றார்.

பெரியவருக்கு அச்செடுத்த துப்பாக்கி என்றாலே இளப்பம். 2013-இல் வந்ததைப் பற்றி, "சுடுகிறவன் கைக்கு அவனே வைத்துக்கொள்ளும் வெடி" என்றார். ஆனால் உண்மையான சண்டை அடுத்து வந்தது. ரைஃபிளைத் திருப்பிக் காட்டினார். உலோகத்தில் பொடி எழுத்துகள்: அவர் பெயரின் முதலெழுத்துகள், செய்த வருடம், ஒரு எண். யாரும் கேட்காமல் அவராகவே பொறித்தது.

ஏன் என்று கேட்டேன். பல வருடத்துக்கு முன் வீட்டில் திருட்டு. போனவை இரண்டு. தொழிற்சாலை எண் இருந்தது மூன்றே மாதத்தில் ஒரு அடகுக் கடையில் அகப்பட்டுத் திரும்பி வந்தது. கையால் செய்தது போயே போய்விட்டது. அது எங்கே, யார் கையில், என்ன செய்தது என்று யோசித்துத் தூக்கம் வராத இரவுகள் உண்டு என்றார்.

"இன்றைக்கு எண், நாளைக்குப் பட்டியல், மறுநாள் கதவைத் தட்டுவான்" என்றார் ராணுவக்காரர். ஆஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கி அழித்தது. 2019-இல் நியூசிலாந்தும் அதையே செய்தது. அவருக்கு அது கெட்ட கனவு. அமெரிக்காவில் மத்தியப் பட்டியல் வைக்கக் கூடாது என்று 1986 சட்டத்திலேயே இருக்கிறது, குற்றத்தில் சிக்கிய துப்பாக்கியின் எண்ணை வைத்து மேற்கு வர்ஜீனியாவில் ஒரு அலுவலகம் தொழிற்சாலை, மொத்த வியாபாரி, கடை என்று ஒவ்வொன்றாக விசாரித்துத்தான் முதலில் வாங்கியவரைப் பிடிக்கிறது என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். ராணுவக்காரர் கையை ஆட்டினார்.

"அவன் கதவைத் தட்டுவதற்கு என் எண் எதற்கு? உன் வண்டி ஸ்டிக்கர் போதாதா?" என்றார் பெரியவர்.

நான் 2019 நவம்பரைக் கேட்டேன். கலிபோர்னியாவின் சான்டா கிளரிட்டாவில், உதிரிப் பாகமாக வந்த, எண் இல்லாத கைத்துப்பாக்கியோடு 16 வயது மாணவன் பள்ளிக்குப் போய் இருவரைக் கொன்று தன்னையும் சுட்டுக்கொண்டான். கேரேஜில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ராணுவக்காரர் வெளியே போய் ஒரு சிகரெட் பற்ற வைத்தார்.

2021-இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830. அதில் 26,328 பேர் தற்கொலை. தடையைப் பற்றி இந்தப் பயணத்தில் நான் கேட்ட எந்தச் சண்டையிலும் இந்த இரண்டாவது எண் வரவில்லை. பெரியவர் மட்டும் கிளம்பும்போது பெட்டகத்தைத் திறந்து கீழ்த் தட்டைக் காட்டினார். நான்கு துப்பாக்கிகள், அவருடையவை இல்லை. விவாகரத்தில் நொறுங்கிப்போன ஒரு நண்பர், தானே கொண்டுவந்து கொடுத்து, நான் கேட்டாலும் ஆறு மாதம் தராதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வாசலில் அத்தானிடம் கேட்டார்: "அந்தப் பெட்டியை முடித்தாயா?" எனக்கு அப்போதுதான் தெரியும். அத்தானும் 2021-இல் ஒரு எண்பது சதவீதப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறார். நான்கு வருடமாக அலமாரி மேல் தட்டில், பிரிக்காமல். "வீட்டுக்காரி..." என்று இழுத்தார். பெரியவர் மேலே கேட்கவில்லை.

மூன்றாம் நாள், வடக்கு யூட்டா, ஒரு கன் ஷோ

பொருட்காட்சிக் கூடத்தில் நூற்றுக்கணக்கான மேசைகள். துப்பாக்கிதான் இருக்கும் என்று நினைத்தேன். காய்ந்த மாட்டிறைச்சி, ராணுவ பூட்ஸ், கத்தி, பழைய நாணயம், பாட்டி ஒருத்தி பின்னிய சாக்ஸ் வரைக்கும் இருந்தது. நுழையும்போது அத்தானின் கைத்துப்பாக்கியைச் சோதித்து, சுட முடியாதபடி பிளாஸ்டிக் பட்டை மாட்டி அனுப்பினார்கள். ஆயுத உரிமைக்காகக் கூடுகிற கூட்டம், தன் வாசலில் குண்டு போட்ட துப்பாக்கியை விடுவதில்லை. எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

ஒரு மேசையில் காந்தி. மெய்யாகவே காந்தி, போஸ்டரில், கைத்தடியோடு. ஆங்கில ஆட்சி செய்த தவறுகளிலேயே ஒரு தேசத்தை முழுக்க நிராயுதபாணி ஆக்கிய சட்டத்தைத்தான் வரலாறு மிகக் கறுத்ததாகப் பார்க்கும் என்ற அவருடைய வாசகம் கீழே. "உங்கள் ஆள்தான் சொல்லியிருக்கிறார்" என்றார் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து.

சொன்னது உண்மை. 1878-இல் வந்த ஆயுதச் சட்டத்தைப் பற்றியது. ஆனால் எதற்காகச் சொன்னார் என்பது போஸ்டரில் இல்லை. முதல் உலகப் போரின்போது ஆங்கிலேயர் படைக்கு ஆள் சேர்ப்பதற்காக காந்தி அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தின் வரி அது. இப்போது அரசுக்கு உதவினால் அவநம்பிக்கை மறைந்து ஆயுதத் தடை விலகும் என்பது வாதம். தன் வரலாற்றில் அவரே இதை எழுதியிருக்கிறார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்படியா? ஆனாலும் சொன்னார் இல்லையா?" போஸ்டர் விலை கேட்டால் தள்ளுபடி தருகிறேன் என்றார்.

அடுத்த மேசைக்காரர் 1994 தடையின் வரலாற்றுப் பேராசிரியர் என்றே சொல்லலாம். அந்த வருடம் செப்டம்பர் முதல் 2004 வரை பத்து வருடம் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்குத் தடை இருந்தது. எது தாக்குதல் ரகம் என்று பெயராலும் பாகங்களாலும் தீர்மானித்தார்கள்: கைத்துப்பாக்கி போன்ற பிடி, மடங்கும் கட்டை, துப்பாக்கி முனையில் ஈட்டி மாட்டும் கொக்கி. கம்பெனிகள் கொக்கியையும் இன்னும் ஓரிரண்டையும் எடுத்துவிட்டு அதே ரைஃபிளை விற்றன. "ஈட்டியால் குத்தி எத்தனை பேரைக் கொன்றார்கள் இந்த நாட்டில்?" என்றார். இந்த இடத்தில் அவரை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. துப்பாக்கி தெரியாதவர்கள் எழுதிய சட்டம் என்று இவர்கள் கேலி செய்வது இதை வைத்துத்தான். ஆனால் அதே சட்டம் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களையும் தடுத்தது. அதைக் கேட்டபோது பேராசிரியர் வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

இன்றைய நாளில் எனக்கு முக்கியமானவர் பெண்களுக்குச் சுடப் பயிற்சி தரும் ஒரு அம்மாள். எந்தத் தடையும் வேண்டாம் என்று ஆரம்பித்தார். ஐந்து நிமிடத்தில் ஒரு தடை வேண்டும் என்றார். குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைக்கக் கூடாது என்று 1996-இல் வந்த சட்டம். அவருடைய முன்னாள் கணவர் அந்தச் சட்டத்தால் கடையில் வாங்க முடியாமல் திரும்பியவர். "தபால் பெட்டியில் பாகமாக வந்திருந்தால் அவனை யார் கேட்டிருப்பார்கள்?" 2022 விதியை ஆதரித்து அந்தக் கூடத்தில் நான் கேட்ட ஒரே குரல் அது. குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.

யூட்டாவில் தனியாள் தனியாளிடம் வாங்கினால் பின்னணி விசாரணை கிடையாது. வாகன நிறுத்துமிடத்தில் இரண்டு பேர் கை குலுக்கி, பணத்தை எண்ணி, நீளமான பையை மாற்றிக்கொண்டதைப் பார்த்தோம். எல்லாம் சட்டப்படி.

நான்காம் நாள், ஆக்டன்

பழைய ரயில் நிலையத்துக்குள், துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங்கின் அருங்காட்சியகம். 1855-இல் இதே ஊரில் பிறந்தவர், 128 காப்புரிமைகள். இவர் வடிவமைத்த 1911 கைத்துப்பாக்கியைத்தான் யூட்டா 2011-இல் மாநிலத் துப்பாக்கி என்று அறிவித்தது. மாநிலப் பறவை, மாநிலப் பூ வரிசையில் இதுவும் ஒன்று.

அத்தானைப் பிடித்து நிறுத்தியது பெரிய இயந்திரத் துப்பாக்கிகள் இல்லை. அப்பாவின் பட்டறையில் கிடந்த கழிவுப் பாகங்களை வைத்துச் சிறுவனாக இருந்தபோதே பிரவுனிங் ஒரு துப்பாக்கி செய்தார் என்ற கதை. 1883-இல் அவர் வடிவமைத்த ஒற்றைத் தோட்டா ரைஃபிளை வின்செஸ்டர் கம்பெனி 8,000 டாலருக்கு வாங்கியது. "எல்லாமே வீட்டில் செய்ததில்தான் ஆரம்பிச்சுது, மாப்ளே" என்றார். வீட்டில் செய்வதைத் தடுத்தால் அடுத்த பிரவுனிங் எங்கிருந்து வருவான் என்பது இவர்கள் எல்லாருமே சொல்லும் வாதம். அடுத்த பிரவுனிங் வராவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டேன். ஊர் எல்லை தாண்டும்வரை பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

ஐந்தாம் நாள், யெல்லோஸ்டோன்

ஐடஹோ வழியாக ஏறி மேற்கு வாசலில் நுழைந்தோம். 2010 பிப்ரவரியிலிருந்து தேசியப் பூங்காக்களுக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாம், அந்தந்த மாநிலச் சட்டப்படி. ஆனால் பார்வையாளர் மையத்தின் கதவிலேயே தடைப் பலகை, அரசுக் கட்டடம் என்பதால். அத்தான் அதற்காக வண்டிக்குத் திரும்பி, பெட்டியில் வைத்துப் பூட்டி, மறுபடி வந்தார். மூன்று தடவை. நான்காவது இடத்தில் "நான் இங்கேயே உட்காந்திருக்கேன், நீ பாத்துட்டு வா" என்றார்.

சாலையில் ஒரு காட்டெருமை முக்கால் மணி நேரம் நின்றது. கரடி வந்தால் எது நல்லது, துப்பாக்கியா மிளகாய்த் தெளிப்பானா என்று வண்டிக்குள் விவாதம். பூங்காக் காவலர்கள் தெளிப்பானைத்தான் சொல்கிறார்கள். நாங்களும் அதை வாடகைக்கு எடுத்தோம். கரடி வரவில்லை.

ஆறாம் நாள், கோடி

காட்டெருமை வேட்டையாடி, பிறகு குதிரைச் சாகசக் காட்சி நடத்தி, எருமை பில் என்று உலகத்துக்குத் தெரிந்த வில்லியம் கோடியின் பெயரால் 1896-இல் உண்டான ஊர். இங்கே இருக்கும் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் 7,000-க்கும் மேல். முதல் ஒரு மணி நேரம் வாய் பிளந்து பார்த்தேன். அதற்கு மேல் எல்லாம் குழாயாகத் தெரிந்தது. அத்தானை மட்டும் அசைக்க முடியவில்லை. ஒரு பழைய .22 ரைஃபிள் முன்னால் நின்று கண்ணாடியில் மூக்கு படும்படி எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

எண்ணைத் தேடுகிறாராம். அதில் எண்ணே இல்லை. அருகில் இருந்த முதியவர், அருங்காட்சியகத்தின் தன்னார்வலர், சிரித்தார். 1968 சட்டம் வரும்வரை எல்லாத் துப்பாக்கிக்கும் எண் கட்டாயம் இல்லை. சாதாரண வேட்டை ரைஃபிள்கள் பலவற்றைக் கம்பெனிகள் எண் போடாமலேயே விற்றன. தாத்தா கொடுத்ததில் எண்ணைக் காணோம், என்னைக் கைது செய்வார்களா என்று பயந்து கேட்பவர்கள் உண்டாம். "செய்ய மாட்டார்கள். ஆனால் திருடு போனால் போலீசிடம் என்ன சொல்வாய் என்று திருப்பிக் கேட்பேன்" என்றார். அவரும் வேட்டைக்காரர்தான், தடை என்றால் முகம் சுளிப்பவர்தான்.

இரவு மோட்டலில் அத்தான் அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"அந்தப் பெட்டிய இந்தக் குளிர்காலத்துல பிரிச்சு முடிச்சிடலாம்னு இருக்கேன். முடிச்சதும் நம்பர் போட்டுடப் போறேன். யாரும் கேக்கல, நானாவே. உன் பிறந்த தேதிய போடட்டுமா?"

"பெட்டகச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"உன்கிட்ட."

"அது என்கிட்டதான் இருக்கும். அப்புறம், என் வயச எல்லாம் அதுல எழுதி வைக்காதீங்க. வேற ஏதாவது போடுங்க."

அத்தான் மோட்டல் குறிப்புத்தாளில் எண்களை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார். நான் தூங்கப் போகும்வரை முடிவாகவில்லை.